ஜோகூர் பக்கம் ஒரு நாள்: கூக்கூப்பா, பொந்தியானா, சுங்கை ரெங்கிட்டா?

கடலூரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள், செந்தோசா, பறவைப் பூங்கா எல்லாம் பார்த்தாச்சு, ஒரு நாள் எல்லை தாண்டி மலேசியப் பக்கம் ஏதாவது சின்னக் கடலோர ஊருக்குக் கூட்டிப்போய் இரவுக்குள் சிங்கப்பூர் திரும்பணும், சொந்தக் கார் கிடையாது, அப்பாவுக்கு முழங்கால் வலி, ஜோகூர் பாரு மால் மட்டும் வேண்டவே வேண்டாம், கூக்கூப், பொந்தியான், சுங்கை ரெங்கிட் மூன்றையும் ஒரே நாளில் முடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

முடியாது. கூக்கூப்பும் பொந்தியானும் மலேசியாவின் ஜோகூர் மாநிலத்து மேற்குக் கரையில், மலாக்கா நீரிணையைப் பார்த்தபடி இருக்கின்றன. சுங்கை ரெங்கிட் தென்கிழக்கு மூலையில் பெங்கராங் பக்கம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சாலை வழியாக 150 கிலோமீட்டருக்குக் குறையாது. வரைபடத்தில் சிங்கப்பூருக்கு மேலே இடமும் வலமும் இரண்டு காது மாதிரி தெரிகிறதே, அந்த இரண்டு காதும்தான். கூக்கூப், பொந்தியான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம், உங்களுக்கு நான் சொல்வதும் அதுதான். சுங்கை ரெங்கிட்டுக்கு வேறு வழி, வேறு நாள், முழங்கால் வலி இல்லாத ஆட்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஊரைவிட முக்கியம் கிழமை. நான் இங்கே வந்த புதிதில், ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களைப் பள்ளி விடுமுறை ஞாயிறு பார்த்துக் கூட்டிப்போனேன். போனது நன்றாகத்தான் போச்சு. திரும்பும்போது ஜோகூர் பக்கம் பஸ் வரிசையில் நின்ற நேரம் ஊர் பார்த்த நேரத்தைவிட அதிகம். பெரியம்மா கடைசியில் செருப்பைக் கழற்றிப் போட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தப்பு முழுக்க என்னுடையது. சனிக்கிழமை காலை சிங்கப்பூர் மொத்தமும் வடக்கே போகும், ஞாயிறு மாலை மொத்தமும் தெற்கே வரும், நடுவில் ஒரு கிலோமீட்டர் சொச்சம் நீளத்தில் ஒரு கடற்பாலம். 1924இல் திறந்த அந்தப் பாலத்தின் நீளம் 1,056 மீட்டர்தான், ஆனால் சில நாள் அதைக் கடக்கப் பாதி நாள் ஆகும்.

வார நாளில் கணக்கு தலைகீழ். விடியற்காலையில் ஜோகூரில் வீடு, சிங்கப்பூரில் வேலை என்று இருக்கிற ஜனம் எல்லாம் தெற்கு நோக்கி வரும், மாலையில் வடக்கு நோக்கித் திரும்பும். நீங்கள் காலையில் வடக்கே, இரவில் தெற்கே. இரண்டு முறையும் கூட்டத்துக்கு எதிர்த்திசை. ஆகவே ஒரு நாள் லீவு போடுங்கள், அந்த லீவுக்கு இதைவிட நல்ல செலவு கிடையாது. செவ்வாய், வெள்ளியில் அம்மா அசைவம் தொடமாட்டார் என்று எழுதியிருந்தீர்கள், அப்போ புதன் அல்லது வியாழன். மார்ச், ஜூன், செப்டம்பர் பள்ளி விடுமுறைகளும் நவம்பர், டிசம்பரும் சேர்ந்தால் வார நாளும் வார இறுதி மாதிரிதான், அதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஜோகூரில் முன்பு வெள்ளி, சனிதான் வார விடுமுறை, 2025 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாற்றிவிட்டார்கள். பழைய ஆட்கள் "ஞாயித்துக்கிழமை போ, அங்கே வேலை நாள், கூட்டம் இருக்காது" என்று சொன்னால் கேட்காதீர்கள்.

இப்போது காகிதம். இதில்தான் அப்பா அம்மாவைக் கூட்டிப்போகிறவர்கள் கோட்டை விடுகிறார்கள். அவர்கள் சுற்றுலா விசாவில் வந்திருக்கிறார்கள் இல்லையா, அந்த சிங்கப்பூர் விசா பலமுறை நுழையும் விசாவா என்று முதலில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் கொடுப்பார்கள், ஆனாலும் பாருங்கள். ஒருமுறை நுழையும் விசாவாக இருந்தால் போன பாலத்தில் திரும்பி வர முடியாது, அவ்வளவுதான். அடுத்தது, திரும்பி வரும்போது அவர்களுக்கு எத்தனை நாள் தங்க அனுமதி என்பதைக் குடிநுழைவு அதிகாரி புதிதாகத்தான் தீர்மானிப்பார். போகுமுன் 20 நாள் மிச்சம் இருந்தது, அதே 20 நாள் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டைக் கையில் வைத்திருங்கள்.

மலேசியாவுக்கு இந்தியக் குடிமக்களுக்கு இப்போது விசா வேண்டாம், 30 நாள் வரை தங்கலாம், 2026 டிசம்பர் 31 வரை இந்தச் சலுகை. கடப்பிதழ் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கணும். ஆனால் மலேசியாவின் மின்னியல் வருகை அட்டை உண்டு, எம்டிஏசி என்பார்கள், அதைப் போகிற நாளுக்கு மூன்று நாளுக்குள் நிரப்பணும். அப்பா, அம்மா மட்டும் இல்லை, வேலை அனுமதியில் இருக்கிற நீங்களும் நிரப்பணும், சிங்கப்பூர்க் குடிமக்களுக்குத்தான் விலக்கு. திரும்பி வரும்போது அப்பா அம்மாவுக்கு சிங்கப்பூர் வருகை அட்டை மறுபடியும் போடணும். முதல் தடவை விமானத்தில் வந்தபோது போட்டது அந்தத் தடவையோடு முடிந்தது. வேலை அனுமதியில் இருக்கிற நீங்கள் தரைவழியாகத் திரும்புவதால் உங்களுக்கு அது தேவையில்லை. இந்த இரண்டு அட்டையும் இலவசம். காசு கேட்கிற தளம் என்றால் அது அரசாங்கத் தளம் இல்லை, உடனே மூடிவிடுங்கள். தேடினால் முதலில் வந்து நிற்பதே சில சமயம் அதுதான்.

சரி, கடப்பது எப்படி. பஸ்ஸில் போனால், சிங்கப்பூரில் ஏறி, எல்லையில் உள்ள உட்லண்ட்ஸில் மூட்டை முடிச்சோடு இறங்கி, குடிநுழைவு முடித்து, படியிறங்கி மறுபடி பஸ் ஏறி, பாலம் தாண்டி, மறுபடி இறங்கி, மலேசியக் குடிநுழைவு. இளசுகளுக்குப் பரவாயில்லை. முழங்கால் வலிக்காரருக்கு நான் ரயிலைத்தான் சொல்வேன். உட்லண்ட்ஸிலிருந்து ஜோகூர் பாரு சென்ட்ரலுக்கு மலேசிய ரயில்வேயின் தெப்ராவ் ஷட்டில் ஓடுகிறது, ஓட்டம் வெறும் 5 நிமிடம். இதில் உள்ள அழகு என்னவென்றால் போகும்போது இரண்டு நாட்டுக் குடிநுழைவையும் உட்லண்ட்ஸிலேயே முடித்துவிடுவார்கள், அந்தப் பக்கம் இறங்கி நேரே நடந்து வெளியே போகலாம். டிக்கெட் இங்கிருந்து 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அங்கிருந்து 5 ரிங்கிட். அதாவது திரும்பி வருவது போவதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்கும் கீழே, இந்தக் கணக்கை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள், நாள் முழுக்கச் சந்தோஷமாக இருப்பார். டிக்கெட் முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள், நல்ல நேரத்து ரயில்கள் சீக்கிரம் நிறைந்துவிடும், வாயிலையும் ரயில் கிளம்பும் முன்பே மூடிவிடுவார்கள். (உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து புக்கிட் சாகாருக்கு 4 கிலோமீட்டரில் புது ரயில் பாதை வருகிறது, அது ஓட ஆரம்பித்தால் இந்த ஷட்டிலை நிறுத்திவிடுவார்கள், ஆகவே போகிற சமயத்தில் எது ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

வெள்ளி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நாம் இங்கே டாலரை வெள்ளி என்கிறோம், அங்கே உள்ள தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்கிறார்கள். ஜோகூர் பாருவில் தமிழ்க் கடையில் "பத்து வெள்ளி தம்பி" என்றால் பத்து ரிங்கிட். நான் ஒரு தடவை பத்து சிங்கப்பூர் வெள்ளித் தாளை நீட்ட, கடைக்கார அக்கா அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "வச்சுக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். கொஞ்சம் ரிங்கிட் ரொக்கமாக மாற்றிக்கொண்டு போங்கள், சின்ன ஊர்களில் அதுதான் ஓடும்.

ஜோகூர் பாருவிலிருந்து மேற்கே போக இரண்டு வழி. லார்க்கின் பஸ் நிலையத்திலிருந்து பொந்தியானுக்கு பஸ் இருக்கிறது, மலிவு, ஆனால் சென்ட்ரலிலிருந்து லார்க்கினுக்கு ஒரு பயணம், பொந்தியானில் இறங்கி கூக்கூப்புக்கு இன்னொரு 19 கிலோமீட்டர், இப்படித் தொட்டுத் தொட்டுப் போகணும். தனியாகப் போனால் நான் அப்படித்தான் போவேன். நீங்கள் மூன்று பேர், வயதானவர்கள், ஆகவே ஜோகூர் பாருவில் ஒரு உள்ளூர் டாக்சிக்காரரை முழு நாளுக்குப் பேசிக்கொள்ளுங்கள். கிராப் செயலியில் வண்டி பிடித்து கூக்கூப் போய்விடலாம், அதில் சிக்கல் இல்லை, திரும்பி வர அங்கே வண்டி கிடைக்காமல் அல்லாடுவதுதான் சிக்கல். முதல் நாளே பேசி, எத்தனை மணி நேரம், எங்கெல்லாம் நிற்கணும், டோல் யார் தருவது என்று மூன்றையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஜோகூரில் தமிழ் பேசும் டிரைவர்கள் நிறையப் பேர், அப்பாவுக்குப் பேச்சுத்துணையும் ஆச்சு. சிங்கப்பூர் வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று சொல்கிற உரிமம் இல்லாத வண்டிகளை மட்டும் தொடாதீர்கள், அப்படிப்பட்ட வண்டிகளைப் பிடித்துப் பறிமுதல் செய்கிறார்கள், நடுவழியில் உங்களை இறக்கி நிற்க வைப்பார்கள்.

நண்பர் யாராவது சிங்கப்பூர்க் கார் கொடுத்தால் அது வேறு கதை. துவாஸ் வழியாக, 1998இல் திறந்த இரண்டாவது பாலத்தில் போனால் கூக்கூப்புக்கு அதுதான் நேர் வழி. ஆனால் மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி ஒட்டியிருக்கணும், 2025 ஜூலையிலிருந்து இல்லாத வண்டிக்கு 300 ரிங்கிட் அபராதம். அப்புறம் சிங்கப்பூரை விட்டு வெளியே போகும் சிங்கப்பூர் வண்டியில் பெட்ரோல் முக்கால் டாங்க் இருக்கணும், இல்லையென்றால் 500 வெள்ளி வரை அபராதம். ஒரு நண்பன் காரில் போனபோது முள் முக்கால் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. "இதெல்லாம் பார்க்க மாட்டாங்கடா" என்றான். பார்த்தார்கள். திரும்பிப் போய் நிரப்பிக்கொண்டு வந்ததில் முக்கால் மணி நேரம் போச்சு, அபராதம் விழாதது எங்கள் அதிர்ஷ்டம்.

சரி, பாலம் தாண்டியாச்சு என்று வையுங்கள். பொந்தியான் சாலையில் ஸ்கூடாய் தாண்டியதும் இரண்டு பக்கமும் எண்ணெய்ப்பனை. அப்பாவுக்குத் தென்னந்தோப்பு மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். ஒரு காலத்தில் இதெல்லாம் ரப்பர், நம் ஊர்களிலிருந்து கங்காணி கூட்டிவந்த ஆட்கள் பால் வெட்டிய காடு. இப்போதும் தோட்டத்துக்கு நடுவில் சட்டென்று ஒரு சின்ன மாரியம்மன் கோவில் தலை காட்டும், அம்மா முதலில் பார்த்துவிடுவார். வழியில் பெக்கான் நானாஸ் என்று ஓர் ஊர், மலாயில் நானாஸ் என்றால் அன்னாசி, அதாவது அன்னாசிப்பட்டணம். மற்றப் பயிர் தடுமாறுகிற புளிப்பான கரி மண்ணில் அன்னாசி மட்டும் சிரித்துக்கொண்டு வளரும், அதனால்தான் இந்தப் பக்கம் முழுக்க அதுவே. நம் அன்னாசியும் அவர்கள் நானாஸும் ஒரே வார்த்தைதான், தென் அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர்கள் பழத்தோடு சேர்த்துக் கொண்டுவந்த பெயர். ஓரக்கடையில் நிறுத்தி ஒன்றை வெட்டித் தரச் சொல்லிச் சாப்பிடுங்கள், உப்பும் மிளகாயும் கேட்டால் கொடுப்பார்கள்.

கூக்கூப்புக்கு ஜோகூர் பாருவிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போகுமுன் ஒன்றை அப்பா அம்மாவிடம் சொல்லிவிடணும்: மணல் கிடையாது. கடலோர ஊர் என்றதும் கடலூர்க்காரர்கள் சில்வர் பீச்சைத்தான் மனதில் வைத்திருப்பார்கள். இங்கே கரை என்பதே சேறு. அந்தச் சேற்றில் கால் ஊன்றி, மரத்திலும் சிமெண்டிலும் தூண் நட்டு, கடலுக்கு மேலேயே ஓர் ஊரைக் கட்டியிருக்கிறார்கள் சீன மீனவர்கள். தெரு என்று இருப்பது ஓர் ஆள் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நடைபாலம், அதில் மோட்டார் சைக்கிளும் வரும். ஒதுங்கி நிற்க இடம் பார்த்து நடங்கள், சில இடங்களில் கைப்பிடி கிடையாது. ஆனால் எல்லாமே சமதளம், படி ஏறி இறங்குவது அதிகம் இல்லை, முழங்காலுக்குப் பிரச்சினை வராது. அப்பா கொஞ்சம் நடந்து ஏதாவது ஒரு திண்ணையில் உட்கார்ந்துவிட்டால் போதும், ஊர் தானாக அவர் முன்னால் நடக்கும்.

நீர் ஏறியிருக்கும்போது வீடுகள் கடலில் மிதக்கிற மாதிரி தெரியும், இறங்கியபின் அடியில் வெறும் சேறு, கொஞ்சம் நாற்றமும் உண்டு. எனக்கு இரண்டும் பிடிக்கும். வற்றியபோதுதான் வேடிக்கை அதிகம். சேற்றில் கண்ணை உச்சியில் வைத்துக்கொண்டு தத்தித் தத்திப் போகும் மீன்கள் கூட்டம் கூட்டமாகக் கிடக்கும். என் அம்மா இதைப் பார்த்து, "உளுவை மாதிரி இருக்கே, இது ஏன் தரையில நடக்குது?" என்று கேட்டுவிட்டு அரைமணி நேரம் அந்தக் கைப்பிடியை விடவில்லை. நீர் ஏறும் நேரத்தை அலை அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றலும் அதிகம். ஆனால் அமாவாசையில் அம்மா மீன் சாப்பிடுவாரா என்று கேட்டுக்கொண்டு நாள் குறியுங்கள்.

அதே தடவை நடந்தது இன்னொன்று. ஒரு வீட்டு வாசலில், சிவப்பு நிறச் சாமி மாடத்துக்குக் கீழே, ஒரு சீனப் பாட்டி முறம் மாதிரி ஒரு தட்டில் காய்ந்த இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். சின்னது ஒரு பக்கம், பெரியது ஒரு பக்கம், ஓடு உதிர்ந்தது மடியில். அம்மா கேட்காமல் கொள்ளாமல் பக்கத்தில் குந்தி, ஒன்றை எடுத்து நடுவில் ஒடித்து, மோந்து பார்த்து, "இன்னும் ஒரு வெயில் காயணும்" என்றார், தமிழில். பாட்டி என்னவோ பதில் சொன்னார், அவர்கள் மொழியில். அப்புறம் பாட்டியே உள்ளே போய் வேறொரு பையைக் கொண்டுவந்து நீட்ட, அம்மா அதையும் ஒடித்துப் பார்த்துத் தலையாட்ட, அரைக்கிலோ வாங்கினோம். நடுவில் நான் மொழிபெயர்க்க வேண்டியே இருக்கவில்லை, காசு மட்டும் எண்ணிக் கொடுத்தேன். கடலூர் அம்மாவும் கட்டாயம் ஒடித்துப் பார்ப்பார், தடுக்காதீர்கள்.

ஊருக்கு எதிரே தெரிகிற பச்சைத் திட்டு கூக்கூப் தீவு. ஆள் குடியில்லாத முழு அலையாத்திக் காடு, 647 ஹெக்டேர், 2003இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. பிச்சாவரம் பக்கத்து ஆட்களுக்கு சுரபுன்னை வேரைக் காட்டிப் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டாம், அவர்கள்தான் உங்களுக்குச் சொல்வார்கள். ஊருக்கும் தீவுக்கும் நடுவில் மிதக்கும் மீன் பண்ணைகள், அங்கே படகில் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். வாயிலிருந்து தண்ணீரைப் பீச்சி இரையை விழவைக்கும் மீன், ஊதிப் பந்தாகும் மீன், குதிரைலாட நண்டு எல்லாம் உண்டு. கொஞ்சம் சர்க்கஸ்தான், ஆனாலும் போங்கள், அந்த நீரிணையில் படகில் இருக்கிற அரைமணி நேரத்துக்காகவே காசு கொடுக்கலாம். படகில் ஏறும்போது நீர் வற்றியிருந்தால் படித்துறைக்கும் படகுக்கும் உயர வித்தியாசம் கூடும், அப்பாவுக்காக நீர் ஏறிய நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு. இந்த ஊருக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதற்குத்தான் வருகிறார்கள். நண்டு, இறால், கணவாய், சிப்பி எல்லாம் எடைக் கணக்கு, பட்டியலில் விலைக்குப் பதில் "சீசன் விலை" என்று போட்டிருப்பார்கள். ஒரு கடையில் நான் பெரிய மனுஷத்தனமாக, தொட்டியில் நீந்துகிற மீனைக் கையைக் காட்டி "அது" என்றேன். நல்ல மீன், மறுக்கவில்லை, ஆவியில் வேகவைத்து இஞ்சி போட்டுக் கொண்டுவந்தார்கள். பில் வந்தபோதுதான் அந்த "அது" ஒன்றரைக் கிலோ என்று தெரிந்தது. கிலோ என்ன விலை என்று முதலில் கேளுங்கள், "சத்து கிலோ பெராப்பா?" போதும், அப்புறம் கண் முன்னால் எடைபோடச் சொல்லுங்கள். சோறு கேட்டு வாங்கணும், காரம் நம் காரம் இல்லை, வீட்டிலிருந்து கொஞ்சம் ஊறுகாய் எடுத்துப்போனால் அப்பா உங்களை வாழ்த்துவார். வார இறுதியில் இங்கே வீடுகளை மொத்தமாக வாடகைக்கு எடுக்கும் கூட்டம் வந்து கரோக்கே பாடும், கடல் மேல் ஒலி நன்றாகவே பரவும். வார நாளில் போகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்று மணிவாக்கில் இன்னும் தெம்பு இருந்தால் தஞ்சோங் பியாய், ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனை, கூக்கூப்பிலிருந்து பக்கம்தான். அதுவும் அலையாத்திக் காட்டுக்குள் மரப்பாதை, முனையில் நின்றால் சிங்கப்பூருக்குள் நுழையக் காத்திருக்கும் கப்பல்கள் வரிசையாகத் தெரியும். கன்னியாகுமரி மாதிரி என்று சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள், ஏமாற்றமாக இருக்கும். நடை அதிகம், குரங்குகள் பையைப் பிடுங்கும், நிழலில் கொசு. அப்பாவுக்காக இதை விட்டுவிட்டு நேரே பொந்தியான் கெச்சில், அதாவது பொந்தியான் நகரத்துக்கே போய்விடலாம் என்பது என் கட்சி.

பொந்தியான் கெச்சிலில் பார்க்க என்று பெரிதாக ஒன்றும் இல்லை, அதுதான் அதன் நல்ல குணம். பழைய கடைவீடுகள், ஒரு சந்தை, கடலோரமாக ஒரு நடைபாதை, தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடையில் ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவும் தே தாரிக் என்கிற ஆற்றிய டீயும். அம்மாவுக்கு அன்றைக்குச் சைவம்தான் என்றால் மதியச் சாப்பாட்டையே இங்கே மாற்றிக்கொள்ளலாம், தோசை கிடைக்கும். மேற்கே பார்த்த கடல் என்பதால் சூரியன் தண்ணீரில் இறங்குவதைப் பார்க்கலாம். வங்கக்கடலைப் பார்த்தே வளர்ந்த கடலூர்க்காரர்களுக்குக் கடலில் உதயம்தான் பழக்கம், அஸ்தமனம் புதுசு, என் அப்பா "சூரியன் தப்பான பக்கம் போகுதே" என்றார். வருடம் முழுக்க ஏழு மணி சுமாருக்கு இருட்டும். இந்த இடத்துக்கு நியாயமாக இருக்கவேண்டிய நேரத்தைவிடக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது, 1982இல் மலேசியா முழுவதற்கும் ஒரே நேரம் என்று மாற்றினார்கள், சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது, அதனால்தான் இங்கே விடிவதும் இருட்டுவதும் தாமதம். அஸ்தமனம் பார்த்துக் கிளம்பினாலும் எட்டரைக்கு ஜோகூர் பாரு, வார நாள் என்றால் பத்துக்குள் வீடு. ரயில் டிக்கெட்டை மட்டும் கொஞ்சம் தாராளமான நேரத்துக்கு எடுங்கள்.

சுங்கை ரெங்கிட்டை விட்டுவிட்டேன். அங்கே போகிற வழிதான் அழகு: சாங்கி முனைப் படகுத்துறையிலிருந்து மரப்படகு, 12 பேர் சேர்ந்தால்தான் கிளம்பும், அவசரம் என்றால் காலியான இடங்களுக்கும் சேர்த்துக் காசு கொடுத்துக் கிளம்பலாம். டீசல் புகை, விமானங்கள் தலைக்கு மேலே, முக்கால் மணி நேரத்தில் பெங்கராங். பாலம் இல்லை, வரிசை இல்லை. சைக்கிளோடு போகிறவர்கள் நிறைய. ஆனால் ஆடுகிற படகிலிருந்து எட்டிக் கால் வைத்துத் துறையில் ஏறணும், நவம்பரிலிருந்து வடகிழக்குப் பருவக்காற்றில் ஆட்டம் இன்னும் கூடும், இறங்கியபின் ஊருக்கு டாக்சியும் பிடிக்கணும். சுங்கை ரெங்கிட் சிங்க இறாலுக்குப் பெயர் போனது, கடல் நன்றாக இருக்கும், போகிற வழியில் பெட்ரோலிய ஆலைகளின் கோபுரங்கள் கொஞ்சம் கண்ணை உறுத்தும். அப்பா அம்மாவை விமானம் ஏற்றிய பிறகு நீங்கள் நண்பர்களோடு போய்வாருங்கள். மணல்தான் வேண்டும் என்று அம்மா அடம் பிடித்தால் அதே கிழக்குக் கரையில் தெசாரு இருக்கிறது, ஆனால் அது சின்ன ஊர் இல்லை, ரிசார்ட் கடற்கரை, ஓர் இரவு தங்கினால்தான் சரிப்படும்.

திரும்பும்போது பையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சூயிங்கம், மின்சிகரெட் எடுத்துவரவே கூடாது. சிகரெட் ஒரு பாக்கெட்டுக்குக்கூட வரி கட்டணும், மலேசியாவிலிருந்து வந்தால் மதுவுக்கும் வரிச்சலுகை கிடையாது. 48 மணி நேரத்துக்குள் திரும்புகிறவர்களுக்கு 100 வெள்ளி வரை வாங்கிய பொருளுக்குத்தான் ஜிஎஸ்டி விலக்கு, வேலை அனுமதியில் இருக்கிற உங்களுக்கு அதுவும் கிடையாது. கருவாடு, காய்ந்த இறால் பிரச்சினை இல்லை, மீன் வகை தலைக்கு 5 கிலோ வரை கொண்டுவரலாம். இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், ரயிலில் ஏசி, கதவு மூடினால் பெட்டி முழுக்கத் தெரிந்துவிடும். என் அம்மா வாங்கிய அரைக்கிலோவுக்கு எதிர் சீட்டுப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டார், பக்கத்து சீட்டு ஆள் எங்கே வாங்கியது என்று கேட்டார்.